அச்சும் வெட்டும் ஒரே இயந்திரத்திலா, தனித்தனியாகவா? வினைல் ஸ்டிக்கர் தொழிலுக்கான முழுமையான வழிகாட்டி

வினைல் ஸ்டிக்கர் தொழிலில் இறங்குபவர்கள் பெரும்பாலும் ஷோரூமுக்குப் பணத்தோடு போகிறார்கள், வேலைக் கணக்கோடு போவதில்லை. அங்கே ஓர் இயந்திரம் அச்சடித்து முடித்து, ரோலைத் தானே பின்னுக்கு இழுத்து, கத்தியை இறக்கி வெட்டியும் கொடுக்கிறது. அதைப் பார்த்த கணத்தில் மனம் முடிவெடுத்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்து அதே இயந்திரத்தின் முன் நின்று, இது ஓய்வே இல்லாமல் ஓடியும் ஆர்டர் ஏன் தள்ளிப்போகிறது என்று கேட்கிறார்கள்.

கோவையில் ஒரு சிறு பட்டறையில் முதலில் ஒருங்கிணைந்த இயந்திரத்தை ஓட்டினேன். பிறகு பிரிண்டரும், கத்தியால் வினைலை வெட்டும் பிளாட்டரும் தனித்தனியாக வைத்தேன். இரண்டு முறையும் சரியாக அமைந்த கடைகளைப் பார்த்திருக்கிறேன், தவறாக அமைந்த கடைகளையும் பார்த்திருக்கிறேன். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒரு படியில் கிடைக்கும் விடைதான் அடுத்த படிக்குத் தேவைப்படுகிறது. விலை ஒன்பதாவது படியில்தான் வருகிறது.

இந்தக் கட்டுரையில் ஒருங்கிணைந்ததை ‘பிரிண்ட்-கட் இயந்திரம்’ என்றும், தனித்தனியாக வாங்குவதை ‘ஜோடி’ என்றும் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த 30 நாட்களின் பில் புத்தகம் வேண்டும். சொந்த இயந்திரம் இல்லாமல் வெளியே கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தால், அப்படிக் கொடுத்த வேலைகளின் பட்டியல் போதும். இதுவரை தொழிலே இல்லையென்றால், ஆர்டர் தருவதாக உறுதி சொன்ன ஐந்து வாடிக்கையாளர்களிடம் என்ன அளவு, எத்தனை எண்ணிக்கை, எங்கே ஒட்டப்போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அறையின் நீளம், அகலம், கதவின் அகலம் ஆகியவற்றை டேப் வைத்து அளந்த தாள் ஒன்று வேண்டும். உங்கள் சொந்த வடிவமைப்புக் கோப்புகள் மூன்றைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். இவை எட்டாவது படிக்கு.

2. வேலைகளை நான்காகப் பிரியுங்கள்

பில் புத்தகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் அதன் வகையைக் குறியுங்கள்.

வெறும் வெட்டு: லாரிக் கதவில் பெயர், கடைக் கண்ணாடியில் எழுத்து, ரேடியம் ஸ்டிக்கர், ஃப்ராஸ்டட் ஃபிலிம். இதற்கு மையே தேவையில்லை. நிற வினைலை வெட்டி, வேண்டாத பகுதியைப் பிய்த்து, வெட்டிய எழுத்தை இடம் மாறாமல் தூக்கி ஒட்ட உதவும் டிரான்ஸ்ஃபர் டேப்பில் எடுத்தால் வேலை முடிந்தது.

வெறும் அச்சு: சன்போர்டில் ஒட்டும் போஸ்டர், ஒன் வே விஷன் (கண்ணாடியில் ஒட்டும் துளையிட்ட வினைல்), சுவர் வினைல். ஸ்கேலும் கத்தியும் வைத்து நேராக அறுத்தால் போதும்.

அச்சும் வெட்டும், லேமினேஷன் (அச்சின்மேல் ஒட்டும் பாதுகாப்புப் படலம்) இல்லாமல்: விலைச் சீட்டு, விழா ஸ்டிக்கர், பெட்டிமேல் ஒட்டும் லேபிள், டி-ஷர்ட் டிரான்ஸ்ஃபர்.

அச்சு, லேமினேஷன், வெட்டு: வண்டி ஸ்டிக்கர், எண்ணெய் பாட்டில் லேபிள், ஹெல்மெட் ஸ்டிக்கர், வெயிலிலும் மழையிலும் நிற்கும் எதுவும்.

எண்ணிக்கையைப் பார்க்காமல் சதுர அடியையும் வருமானத்தையும் கூட்டிப் பாருங்கள். புதியவர்கள் இங்கேதான் முதல் தவறைச் செய்கிறார்கள். பத்துச் சிறு ஆர்டர்கள் மனதில் பெரிதாக நிற்கும். மாத வருமானத்தில் பாதியை ஒரே ஒரு லேபிள் வாடிக்கையாளர் தந்துகொண்டிருப்பார்.

வெறும் வெட்டு வேலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால், அதைப் பிரிண்ட்-கட் இயந்திரத்தில் ஓட்ட நினைக்காதீர்கள். ஒரு லாரியின் பெயரை வெட்டும் நேரமெல்லாம் மையைத் தெளிக்கும் விலையுயர்ந்த அச்சு ஹெட் சும்மா நிற்கும். ரேடியம் போன்ற தடித்த பிரதிபலிப்பு ஷீட்டுக்குக் கத்தி அழுத்தமும் அதிகம் வேண்டும். அந்த வேலைக்கு இரண்டடி பிளாட்டர் ஒன்று தனியாக இருப்பதே சரி.

3. லேமினேஷன் உண்டா இல்லையா என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். என் அனுபவத்தில் முடிவில் பாதி இங்கேயே கிடைத்துவிடும்.

பிரிண்ட்-கட் இயந்திரத்தின் பெரும்பலம் ஒன்றுதான். அச்சடித்த வினைல், அழுத்து உருளைகளின் பிடியை விட்டு வெளியே வருவதில்லை. எந்த இடத்தில் மை விழுந்தது என்பது இயந்திரத்துக்குத் தெரியும். குறிகளைத் தேடாமல், ஆள் கை வைக்காமல், நேராகக் கத்தியை இறக்கிவிடும்.

லேமினேஷன் இடையில் வந்தால் அந்தப் பலம் போய்விடுகிறது. ரோலைக் கழற்ற வேண்டும், காய வைக்க வேண்டும், லேமினேட்டரில் விட வேண்டும், மறுபடி மாட்ட வேண்டும். நாலு மூலையில் அச்சடித்த பதிவுக் குறிகளைச் சென்சார் தேடிப் பிடித்த பிறகே வெட்டு தொடங்கும். தனிப் பிளாட்டர் செய்வதும் இதே வேலைதான். ஒரு வேறுபாடு உண்டு: பிளாட்டரில் இது நடக்கும்போது பிரிண்டர் அடுத்த வேலையை அடித்துக்கொண்டிருக்கும். பிரிண்ட்-கட் இயந்திரத்தில் எல்லாம் வரிசையில் காத்திருக்கும்.

காய வைக்கும் நேரத்தையும் இங்கேயே புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கடைகளில் ஓடும், கரைப்பான் கலந்த எக்கோ சால்வென்ட் மை வெளிவந்த சில நிமிடங்களில் விரலில் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும். மைக்குள் இருக்கும் கரைப்பான் ஆவியாகி வெளியேறக் குறைந்தது 24 மணி நேரமாவது வேண்டும். கறுப்பு, கரும்பச்சை போன்ற அடர்ந்த பரப்புகளுக்கு நான் 48 மணி நேரம் விடுகிறேன். ரோலை இறுக்கிச் சுற்றிவைத்தால் உள்சுற்றுகள் காயாது. தளர்வாகச் சுற்றி, நிமிர்த்தி நிறுத்திவையுங்கள்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், முதல் ஆண்டில் ஒரு செக்கு எண்ணெய்க் கடைக்கு லேபிள் அடித்தேன். மாலையில் அச்சு, இரவே லேமினேஷன், காலையில் வெட்டு. நான்காம் நாள் கடைக்காரர் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். லேபிளின் நான்கு மூலைகளும் உலர்ந்த வெங்காயத் தோல் போல மேலெழும்பியிருந்தன. விரலால் அழுத்தினால் படிந்தது, விரலை எடுத்ததும் மெல்ல எழுந்தது. லேமினேஷனுக்கு அடியில் சிக்கிய கரைப்பான் வினைலுக்குள் இறங்கிப் பசையை இளக்கியிருந்தது. சுருங்கும் வினைலைப் பிடித்து நிறுத்த அந்தப் பசைக்கு வலு இல்லை. முழு ஆர்டரையும் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

மை வகை மாறினால் இந்தக் கணக்கும் மாறும். லேடெக்ஸ் மை இயந்திரத்தின் சூட்டிலேயே காய்ந்து வெளிவரும். உடனே லேமினேஷன் செய்யலாம். யுவி மையும் விளக்கொளியில் அந்த இடத்திலேயே இறுகிவிடும். எச்பி நிறுவனம் தன் லேடெக்ஸ் வரிசையில் ‘பிரிண்ட் அண்ட் கட்’ என்ற பெயரில் விற்றது ஒரு பிரிண்டரையும் ஒரு தனிக் கட்டரையும் சேர்த்துத்தான். பெயரை மட்டும் கேட்டு ஒரே இயந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் லேமினேஷன் வேலையிலிருந்து வருகிறதென்றால், ஜோடியின் பக்கம் ஒரு குறி போட்டுக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

4. நேரத்தைக் கணக்கிடுங்கள்

இயந்திரத்தின் விளம்பரத் தாளில் அச்சு வேகம் பெரிதாக இருக்கும். வெட்டு நேரம் இருக்காது. அதை நாம்தான் கணக்கிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 50 மி.மீ. விட்டமுள்ள வட்ட ஸ்டிக்கர்களை மையத்துக்கு மையம் 55 மி.மீ. இடைவெளியில் அடுக்கினால் ஒரு சதுர மீட்டரில் வரிசைக்கு 18 வீதம் 18 வரிசை, ஆக 324 ஸ்டிக்கர் வரும். கத்தி இறங்கி, வட்டம் போட்டு, எழுந்து, அடுத்ததற்கு நகர 2 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 648 விநாடி, சுமார் 11 நிமிடம். அச்சு மணிக்கு 10 சதுர மீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 6 நிமிடம்தான். சிறு ஸ்டிக்கரில் வெட்டுதான் அச்சைவிட அதிக நேரம் தின்கிறது என்பது இந்தக் கணக்கைப் போடும்வரை பலருக்குத் தெரிவதில்லை.

இதை ஒரு நாளுக்கு விரித்துப் பாருங்கள். 12 சதுர மீட்டர் கொண்ட மூன்று வேலைகள். ஒவ்வொன்றுக்கும் அச்சு 72 நிமிடம், வெட்டு சுமார் 130 நிமிடம். பிரிண்ட்-கட் இயந்திரத்தில் மூன்றும் முடிய 10 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஜோடியில் முதல் அச்சு முடிந்ததும் வெட்டு தொடங்கிவிடுவதால், மாட்டும் நேரம் நீங்கலாக 7 மணி 42 நிமிடத்தில் மூன்றும் முடியும். அதைவிட முக்கியம், பிரிண்டர் 3 மணி 36 நிமிடத்தில் ஓய்ந்துவிடும். மீதி நாள் முழுவதும் அதில் வேறு வேலை எடுக்கலாம்.

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். உங்கள் வேலையெல்லாம் அரை மீட்டர், ஒரு மீட்டர் துண்டுகள் என்றால் கணக்கு தலைகீழாகிறது. தனிப் பிளாட்டரில் ஒவ்வொரு துண்டையும் நேராக மாட்டி, முதல் குறியைக் காட்டிக் கொடுக்க அனுபவமுள்ள கைக்கே ஐந்து முதல் எட்டு நிமிடம் பிடிக்கும். நாளுக்குப் பத்துத் துண்டு என்றால் 50 முதல் 80 நிமிடம் அதிலேயே போகும். கடையில் நீங்கள் ஒருவர் மட்டும் இருந்து, வடிவமைப்பையும் வாடிக்கையாளரையும் கவனித்துக்கொண்டே வேலை நடக்க வேண்டுமென்றால், கை வைக்காமல் அடித்து வெட்டித் தரும் இயந்திரம் ஓர் உதவியாளருக்குச் சமம்.

பெரிய வடிவங்களில் வெட்டு நேரம் பொருட்டே இல்லை. இரண்டடிச் சதுரத்தில் ஒரே ஒரு உருவம் என்றால் அரை நிமிடத்துக்குள் வெட்டி முடிந்துவிடும்.

உங்கள் பில் புத்தகத்தில் அதிக வருமானம் தந்த மூன்று வேலைகளுக்கு இதே கணக்கைப் போட்டு எழுதிவையுங்கள்.

5. அகலமும் இடமும்

ஜோடி வாங்குபவர்கள் செய்யும் பெரிய பிழை, நாலரை அடி பிரிண்டருக்கு இரண்டடி பிளாட்டர் வாங்குவது. ரோலை நீளவாக்கில் கையால் இரண்டாக அறுத்து மாட்ட வேண்டியிருக்கும். கையால் அறுத்த ஓரம் நேராக இருக்காது. மூன்று மீட்டர் ஓடுவதற்குள் வினைல் சாய்ந்துவிடும். அச்சடித்து வெட்டும் வேலைக்குப் பிளாட்டரின் அகலம் ரோலின் அகலத்துக்குக் குறையக் கூடாது. லேமினேட்டரும் அப்படியே.

சிறு ஸ்டிக்கரும் டி-ஷர்ட் டிரான்ஸ்ஃபரும் மட்டுமே செய்பவருக்கு அகலமான இயந்திரமே தேவையில்லாமல் போகலாம். ரோலண்ட் பிஎன்-20 போல 20 அங்குல அகலத்தில் மேசைமேல் வைக்கும் பிரிண்ட்-கட் இயந்திரங்கள் இந்தத் தேவைக்காகவே வந்தவை.

இயந்திரத்தின் முன்னும் பின்னும் மூன்றடி நடக்க இடம் விடுங்கள். ரோல் மாட்டுவது பின்னால்தான், சிக்குவதும் பின்னால்தான். ஜோடிக்கு இரண்டு இயந்திரங்களோடு ஒரு லேமினேட்டரும், பிய்த்தெடுக்க நீளமான மேசையும் சேர்த்து அளவெடுங்கள்.

6. மின்சாரம், ஈரம், பழுது

அச்சு ஹெட்டின் நுண்துளைகள் காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். பல பிரிண்டர்கள் உறக்க நிலையில் இருந்தபடியே அவ்வப்போது தாமாக மையைச் சிந்தித் துளைகளைத் துடைத்துக்கொள்ளும். இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் உள்ள கடைகளில்தான் ஹெட் சீக்கிரம் போகிறது. அச்சுக்கு நடுவே மின்சாரம் போனால் ஹெட் மூடியில் வந்து அமராமல் வெளியே நின்றுவிடும். ஆகவே யுபிஎஸ் கட்டாயம். தனியான எர்த்திங் போட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தை எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். பொருத்த வருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

மழைக்காலத்தில் வினைலின் பின்தாள் ஈரம் குடித்து அலையலையாக எழும். அந்த அலை ஹெட்டில் உரசும். திறந்த ரோலை வேலை முடிந்ததும் பாலிதீன் உறையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள்.

பழுதைப் பற்றி எல்லாரும் சொல்வது உண்மைதான். பிரிண்ட்-கட் இயந்திரத்தில் கத்திப் பக்கம் மோட்டார் போனாலும் இயந்திரம் மெக்கானிக்குக்குக் காத்திருக்கும், அச்சும் நிற்கும். ஜோடியில் ஒன்று நின்றால் மற்றதை வைத்துக் கடையைத் திறந்து வைக்கலாம். அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. பிரிண்ட்-கட் இயந்திரத்தில் வெட்டிய வினைலின் ஓரங்கள் லேசாக எழுந்து நிற்கும். அதை வெளியே ஓட்டி அறுத்தெடுக்காமல் அதே ரோலில் அடுத்த அச்சைத் தொடங்கி, இயந்திரம் பின்னுக்கு இழுக்க நேர்ந்தால், எழுந்த ஓரம் ஹெட்டின் அடிப்பக்கத்தில் இடிக்கும். இயந்திரத்திலேயே விலை கூடிய பாகம் அந்த ஹெட்தான். இந்த இயந்திரத்தை வாங்கினால், ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ரோலை அறுத்தெடுப்பதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்குங்கள்.

7. மென்பொருளையும் கோப்பையும் சரிபாருங்கள்

அச்சுக்கும் வெட்டுக்கும் நடுவே நிற்பது, கோப்பை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றி அனுப்பும் ரிப் (RIP) மென்பொருள். பிரிண்ட்-கட் இயந்திரத்தில் ஒரே ரிப் இரண்டையும் செய்துவிடும். ரோலண்டுக்கு வெர்சாவொர்க்ஸ், மிமாக்கிக்கு ராஸ்டர்லிங்க் உடன் வரும்.

ஜோடியில் இங்கேதான் சிக்கல் பிறக்கும். பிரிண்டரோடு வரும் ரிப்புக்கு நீங்கள் வாங்கும் பிளாட்டரைத் தெரியுமா என்று வாங்கும் முன் கேளுங்கள். தெரிந்தால், குறிகளை அதுவே அச்சடித்து, வெட்டுக் கோட்டை அதே அளவில் பிளாட்டருக்கு அனுப்பும். தெரியாவிட்டால் அச்சு ஒரு மென்பொருளிலும் வெட்டு வேறொரு மென்பொருளிலும் நடக்கும். நடுவில் யாராவது கோப்பின் அளவை ஒரு சதவீதம் மாற்றினாலும் வெட்டு தவறிவிடும். பார்கோடு படிக்கும் பிளாட்டர் என்றால், எந்தத் துண்டுக்கு எந்தக் கோப்பு என்பதை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். நாளுக்குப் பல வேலை ஓட்டும் கடைக்கு அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது.

எந்த இயந்திரமானாலும் கோப்பில் கவனிக்க வேண்டியவை இவை. வெட்டுக் கோடு வெக்டராக (படப் புள்ளிகளாக இல்லாமல் கோடாக), பெயரிட்ட தனி ஸ்பாட் நிறத்தில் இருக்க வேண்டும். அந்த நிறத்தின் பெயர் ரிப் எதிர்பார்க்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். வெர்சாவொர்க்ஸில் அது ‘CutContour’. ஓர் எழுத்து மாறினாலும் கோடு நிறமாக அச்சாகும், வெட்டு நடக்காது. படத்தின் நிறம் வெட்டுக் கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. நீள வேண்டும். வினைல் சுருங்குவதாலும் கத்தி இம்மி நகர்வதாலும் வெள்ளை ஓரம் தெரியாமல் காப்பது அந்த 2 மி.மீ. தான். கூரான மூலைகளை 2 அல்லது 3 மி.மீ. வளைவாக்குங்கள். ஸ்டிக்கர் உரியத் தொடங்குவது மூலையில்தான்.

படத்தைத் தானியங்கியாக டிரேஸ் செய்து எடுத்த வெட்டுக் கோட்டில் தேவையற்ற புள்ளிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். கத்தி ஒவ்வொரு புள்ளியிலும் தயங்கும், ஓரம் ரம்பம் போல ஆகும். கோட்டைக் கையால் மென்மையாக்கிய பிறகே அனுப்புங்கள்.

8. ஷோரூமில் உங்கள் கோப்பை ஓட்டிப் பாருங்கள்

விற்பவர் வைத்திருக்கும் மாதிரிக் கோப்பை ஓட்ட விடாதீர்கள். அதில் ஓரம்வரை நிறம் நிறைந்திருக்கும், வெட்டு ஒரு மி.மீ. தவறினாலும் கண்ணுக்குத் தெரியாது.

நான் கொண்டுபோகும் கோப்பு எளிமையானது. 40 மி.மீ. வட்டம், கரும் நிறம், அதைச் சுற்றி 1 மி.மீ. வெள்ளை வளையம், அதன் வெளி ஓரத்தில் வெட்டு, பின்னணி முழுவதும் இன்னொரு கரும் நிறம். இதை மூன்று மீட்டர் நீளத்துக்கு நிரப்புங்கள். வெட்டி முடிந்ததும் முதல் வரிசையிலிருந்து ஒன்றும் கடைசி வரிசையிலிருந்து ஒன்றும் உரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெள்ளை வளையம் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால், எவ்வளவு விலகல் என்பதை அளவுகோல் இல்லாமலேயே பார்க்கலாம். முதல் வரிசை சரியாக இருந்து கடைசி வரிசை சாய்ந்திருந்தால் ரோல் ஓட்டத்தில் குறை. எல்லாம் ஒரே திசையில் ஒரே அளவு விலகியிருந்தால் அது சரிசெய்யக்கூடிய அளவுத்திருத்தம் மட்டுமே.

பிரிண்ட்-கட் இயந்திரத்தில் சூடு இன்னொரு காரணம். அச்சுத் தளத்தின் ஹீட்டரால் வினைல் இளகியிருக்கும்போதே பின்னுக்கு இழுத்து வெட்டினால் நீட்சி ஏற்படும். ரிப்பில் காயும் நேரம் என்று ஓர் அமைப்பு இருக்கும். அதை வைத்தும் வைக்காமலும் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். மேலும், அழுத்து உருளைகள் புதிய அச்சின்மேல் ஓடிய தடம் தெரிகிறதா என்று விளக்குக்குச் சாய்த்துப் பாருங்கள்.

ஜோடியில், பளபளப்பான லேமினேஷன் போட்ட துண்டைத்தான் பிளாட்டரில் சோதிக்க வேண்டும். சென்சாரின் ஒளி பளபளப்பில் சிதறிக் குறியைப் படிக்காமல் போவது அடிக்கடி நடக்கும். லேமினேஷன் போடாத துண்டில் அருமையாகப் படித்துக் காட்டுவது உங்களுக்கு எந்த உறுதியும் தராது.

கடைசியாக வெட்டின் ஆழம். ஒரு சிறு சதுரத்தை வெட்டச் சொல்லி, நகத்தால் மூலையைக் கிளப்பி மெல்ல உரியுங்கள். அக்கம்பக்கத்து வினைலை இழுக்காமல் தனியாக வர வேண்டும். பிறகு வெறும் பின்தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். கத்தி தொட்ட இடத்தில் பென்சில் கோடு போல மெல்லிய தடம் தெரிய வேண்டும். விரலை ஓட்டினால் பள்ளம் தட்டுப்பட்டாலோ, பின்பக்கம் கோடு தெரிந்தாலோ, அழுத்தம் அதிகம். ரோலின் இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்று இடத்திலும் இதைச் செய்யுங்கள். நடுவில் மட்டும் வெட்டு மேலோட்டமாக இருந்தால், கத்தி ஓடும் பட்டை தேய்ந்திருக்கிறது என்று பொருள். பழைய இயந்திரம் வாங்குபவர்கள் இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது.

எல்லாச் சோதனைக்கும் ரோல் மாட்டுவதிலிருந்தே கைபேசியில் நேரம் பிடியுங்கள். நான்காம் படியில் ஊகமாக வைத்த 2 விநாடியை உண்மையான எண்ணால் மாற்றுங்கள்.

9. இப்போது விலை

விலைப்பட்டியலில் வராதவற்றை முதலில் எழுதுங்கள்: லேமினேட்டர், யுபிஎஸ், எர்த்திங், குளிர்சாதனம், உதிரிக் கத்திகள், கத்தி ஓடும் பட்டை, ரிப் உரிமம், முதல் மை நிரப்பல், உத்தரவாதம் முடிந்த பிறகு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். உத்தரவாதத்தில் ஹெட் சேருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது. மெக்கானிக் எந்த ஊரிலிருந்து வருவார் என்று கேளுங்கள். அவர் வந்து சேர மூன்று நாள் ஆகும் ஊரில் கடை வைத்திருப்பவருக்கு அந்த மூன்று நாளும் ஒரு செலவுதான்.

வழக்கமான ஜிஎஸ்டி பதிவு (காம்போசிஷன் திட்டம் அல்லாதது) இருந்தால் இயந்திரத்துக்குச் செலுத்தும் வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இரண்டு விலைப்பட்டியல்களையும் வரி நீக்கிய தொகையில் ஒப்பிடுங்கள்.

ஜோடிக்கு ஒரு வசதி உண்டு. இரண்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. பிளாட்டரை முதலில் வாங்கி, வெறும் வெட்டு வேலையில் கையைப் பழக்கி, அச்சை வெளியே கொடுத்து வாங்கிக்கொண்டு, பணம் சேர்ந்ததும் பிரிண்டர் எடுக்கலாம். இப்படித் தொடங்கியவர்கள் வெட்டின் நுணுக்கம் தெரிந்த பிறகு பிரிண்டர் வாங்குவதால், பெரும்பாலும் சரியானதையே வாங்குகிறார்கள். கடன் வாங்கித் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

10. எதை எடுப்பது

தனி ஆள், சின்ன அறை, துண்டு வேலைகள், லேமினேஷன் குறைவு, டி-ஷர்ட் டிரான்ஸ்ஃபர் அதிகம்: பிரிண்ட்-கட் இயந்திரம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

வண்டி ஸ்டிக்கர், பாட்டில் லேபிள், இரண்டு பேருக்கு மேல் ஆட்கள், நாளுக்கு ஒரு ரோலுக்கு நெருக்கமான ஓட்டம்: ஜோடி.

ரேடியமும் எழுத்து வெட்டுமே பிழைப்பு என்றால் பிளாட்டர் மட்டும் போதும். அச்சு இயந்திரம் இல்லாமலே நன்றாக நடக்கும் கடைகள் நிறைய உண்டு.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் பிரிண்ட்-கட் இயந்திரத்தோடு ஒரு பிளாட்டரையும் சேர்த்து வைக்கலாம். லேமினேஷன் வேலை பிளாட்டருக்கு, அவசரத் துண்டுகள் பிரிண்ட்-கட்டுக்கு. ஏற்கெனவே பிரிண்ட்-கட் வாங்கி வரிசையில் மாட்டிக்கொண்டவர்கள் அதை விற்கத் தேவையில்லை. குறிகளைப் படிக்கும், ரோலின் அகலமுள்ள ஒரு பிளாட்டர் சேர்த்தாலே நெருக்கடி தீர்ந்துவிடும்.

11. இயந்திரம் வந்த முதல் வாரம்

முதல் நாளே ஆர்டர் எடுக்காதீர்கள். நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு வினைலுக்கும் கத்தி அழுத்தம், வேகம், கத்தியின் நீட்சி மூன்றையும் சோதித்து, எண்களை ஒரு தாளில் எழுதிப் பிளாட்டர்மேல் ஒட்டுங்கள். சாதாரண வினைலுக்கு 45 பாகைக் கத்தி, தடித்த பிரதிபலிப்பு ஷீட்டுக்கு 60 பாகைக் கத்தி. லேமினேஷன் போட்ட வினைலுக்கு அழுத்தம் கூட்டித் தனி வரியாக எழுதுங்கள். கத்தியின் நுனி வெளியே அதிகம் நீண்டிருந்தால் அழுத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் பின்தாள் கிழியும். முதலில் நீட்சி, பிறகு அழுத்தம் என்ற வரிசையில் திருத்துங்கள்.

நீள வேலைகளை ஒரே கோப்பாக அனுப்பாதீர்கள். பிளாட்டரில் 40 முதல் 50 செ.மீ. இடைவெளியில் இடைக்குறிகள் போடுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் அது புதிதாகத் திருத்திக்கொள்ளும். பிரிண்ட்-கட் இயந்திரத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு முறை அடித்து வெட்டும்படி உடைத்து அனுப்புங்கள். சாய்வு சேர்ந்து பெருகாமல் இருக்க இதுவே வழி.

பிளாட்டரில் வெட்டத் தொடங்கும் முன் வேலையின் நீளத்துக்கு வினைலை ரோலிலிருந்து தளர்த்தி விடுங்கள். கனமான ரோலைப் பிளாட்டரே இழுக்கும்போது ஒவ்வோர் இழுப்பிலும் இம்மி வழுக்கும். குறிகளைச் சுற்றி வெள்ளை இடம் விடுங்கள். லேமினேஷன் பளபளப்பால் குறி படிக்காவிட்டால் அந்த நான்கு குறிகளின்மேல் மட்டும் மங்கலான ஒட்டு டேப் ஒன்றை ஒட்டிப் பாருங்கள், பெரும்பாலும் படித்துவிடும்.

எந்தத் துண்டு எத்தனை மணிக்கு அச்சானது என்று ஓரத்தில் மார்க்கரால் எழுதிவையுங்கள். அடுத்த நாள் லேமினேட்டர் முன் நிற்பவர் வேறு ஆளாக இருக்கலாம். 24 மணி நேரம் ஆயிற்றா என்று அவருக்குச் சொல்ல அந்த ஓரத்துக் குறிப்பைத் தவிர வேறெதுவும் அங்கே இருக்காது.